டென்ஷன்தான் காரணம்னு சொன்னாங்க... ஆனா உண்மை வேற! செல்லோ மேதை ஜாக்குலின் டு ப்ரேவுக்கு என்ன நடந்தது? மன அழுத்தத்துக்கும் எம்.எஸ். நோய்க்கும் என்ன தொடர்பு?

1973 பிப்ரவரி, நியூயார்க். மேடைக்குப் போக வேண்டிய நேரத்தில் 28 வயதுப் பெண் ஒருவர் தன் செல்லோ பெட்டியைத் திறக்கப் போராடிக்கொண்டிருக்கிறார். விரல்களுக்கு அந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை. ஒருவழியாகத் திறந்து வில்லை எடுத்தால், அது கனமாக இருக்கிறதா லேசாக இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

அவர் சாதாரண வாத்தியக் கலைஞர் இல்லை. உலகமே கொண்டாடிக்கொண்டிருந்த ஜாக்குலின் டு ப்ரே. அன்றைக்கு மேடையில் அவருக்காகக் காத்திருந்தவர்கள் லியோனார்ட் பெர்ன்ஸ்டீனும் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவும். வாசிக்க வேண்டியது, வயலினும் செல்லோவும் சேர்ந்து வரும் பிராம்ஸின் இரட்டைக் கான்செர்ட்டோ. வயலினுக்கு நண்பர் பிங்கஸ் ஜுக்கர்மேன்.

தனக்கு ஏதோ சரியில்லை என்று ஜாக்குலின் சொல்லிப் பார்த்தார். மேடை பயம், பதட்டம் என்றே சுற்றி இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தொட்டுப் பார்த்து உணர முடியாததால், விரல் எந்த இடத்தில் விழுகிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்து வாசித்தார். திட்டமிட்டது நான்கு கச்சேரிகள். மூன்றை எப்படியோ முடித்தார். நான்காவதில் அவர் வாசிக்கவில்லை. அதன் பிறகு அவர் எந்தக் கச்சேரி மேடையிலும் செல்லோ வாசிக்கவே இல்லை.

எட்டு மாதம் கழித்துத்தான் அந்த நோயின் பெயர் தெரிந்தது: மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். அதுவரை கிட்டத்தட்ட இரண்டு வருஷமாக அவருக்குச் சொல்லப்பட்டு வந்த காரணம் வேறு. மன அழுத்தம், நரம்புத் தளர்ச்சி, களைப்பு.

*ரேடியோவில் கேட்ட சத்தம்*

1945 ஜனவரி 26-ம் தேதி இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர் ஜாக்குலின். அம்மா ஐரிஸ் பியானோ கலைஞர். ஐந்து வயது ஆவதற்குள் ஒருநாள் ரேடியோவில் செல்லோ சத்தத்தைக் கேட்ட குழந்தை, அதே மாதிரி ஒன்று தனக்கும் வேண்டும் என்று அடம்பிடித்ததாம். வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய வாத்தியம் இது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்து வாசிக்க வேண்டும். ஆண் குரலுக்கு நெருக்கமான, கனமான ஒலி. பிஞ்சுக் கைக்கு அடங்குகிற சமாச்சாரமே இல்லை. ஆனாலும் வாங்கிக் கொடுத்தார்கள். மகளுக்காக அம்மாவே சின்னச் சின்ன மெட்டுகளை எழுதி, படமும் வரைந்து, காலையில் அவள் எழுந்திருக்கும்போது பார்க்கிற மாதிரி வைத்துவிடுவாராம்.

பத்து வயதில் வில்லியம் ப்ளீத் என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். பிற்காலத்தில் பெரிய பெரிய ஆசிரியர்களிடம் படித்தபோதும், ப்ளீத்தைத்தான் தன் செல்லோ அப்பாவாக நினைத்தார். 1961 மார்ச் 1-ம் தேதி லண்டன் விக்மோர் ஹாலில் அரங்கேற்றம். அப்போது வயது 16.

அடுத்த வருஷமே ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் எட்வர்ட் எல்கரின் செல்லோ கான்செர்ட்டோவை வாசித்தார். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-ல் வந்த படைப்பு அது. துயரம் தோய்ந்தது. முதல் அரங்கேற்றத்தில் எடுபடாமல் போனது. 1965 ஆகஸ்டில், ஜான் பார்பிரோலி நடத்த, லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு ஜாக்குலின் அதைப் பதிவு செய்தபோது அவருக்கு 20 வயது. அந்த ஒரு பதிவு எல்கரின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது என்றால் மிகை இல்லை. இன்றைக்கும் அந்தக் கான்செர்ட்டோ என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஜாக்குலின் வாசிப்புதான்.

அவர் கையில் இருந்தது 1712-ல் ஸ்ட்ராடிவாரி செய்த டேவிடாவ் என்ற செல்லோ. வாசிக்கும்போது உடம்பு முழுக்க அசையும், பொன்னிற முடி பறக்கும். பழைய கறுப்பு-வெள்ளை வீடியோக்களைப் பார்த்தால் தெரியும், அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்து வாசிக்கிற ரகம் இல்லை அவர். ஓவராகப் பண்ணுகிறார் என்று முகம் சுளித்த விமர்சகர்களும் உண்டு.

*போருக்கு நடுவே ஒரு கல்யாணம்*

1966 கடைசியில், சீனப் பியானோ கலைஞர் ஃபூ சோங் வீட்டில் டேனியல் பேரன்பாய்மைச் சந்தித்தார். அர்ஜென்டினாவில் பிறந்து இஸ்ரேலில் வளர்ந்த பியானோ கலைஞர். அறிமுகமான ராத்திரியே சேர்ந்து வாசித்தார்கள். ஆறே மாதத்தில் கல்யாணம்.

அந்தக் கல்யாணம் ஒரு சினிமா காட்சி. 1967 ஜூன் முதல் வாரத்தில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் ஆறு நாள் போர் நடக்கிறது. போர் மேகம் சூழ்ந்தபோதே இருவரும் அங்கே பறந்து போய்க் கச்சேரிகள் செய்கிறார்கள். போர் முடிந்த சில நாட்களில், ஜூன் 15-ம் தேதி, ஜெருசலேமில் திருமணம். ஜாக்குலின் யூத மதத்துக்கு மாறினார். இந்தக் கல்யாணத்தில் நம்ம ஊர் தொடர்பு ஒன்று இருக்கிறது. மும்பையில் பிறந்த பார்சி, இசை நடத்துநர் ஜூபின் மேத்தா. யூதர் அல்லாதவர் சடங்கில் சாட்சியாக நிற்க முடியாது என்பதால், மோஷே கோஹன் என்ற பெயரில் அவரை யூதராகவே அறிமுகப்படுத்திவிட்டார்கள்!

அடுத்த நான்கு வருஷம் ஓட்டம்தான். ஊர் ஊராக, கண்டம் கண்டமாகக் கச்சேரி, பதிவு, விமானம், ஹோட்டல். 1969-ல் ஷூபர்ட்டின் ட்ரவுட் க்விண்டெட்டை ஐந்து நண்பர்களும் வாசிக்கும் ஒரு ஆவணப்படம் வந்தது. பேரன்பாய்ம் பியானோ, இட்சாக் பெர்ல்மேன் வயலின், ஜுக்கர்மேன் வயோலா, ஜாக்குலின் செல்லோ, டபுள் பேஸில் ஜூபின் மேத்தா. கச்சேரிக்கு முன்னால் ஆளாளுக்கு வாத்தியத்தை மாற்றி வைத்துக்கொண்டு அடிக்கிற கூத்தெல்லாம் அதில் இருக்கிறது. நோயின் நிழல்கூட அந்த முகங்களில் தெரியாது.

*ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும்*

1970-71 வாக்கில் களைப்பு அதிகமானது. சாதாரண அலுப்பு இல்லை. அப்புறம் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. டாக்டர்களைப் பார்த்தார். ஓயாத பயணம், சின்ன வயதிலேயே புகழின் சுமை, உணர்ச்சிவசப்படும் இளம்பெண் என்று எல்லாம் கண்ணுக்கு எதிரே இருந்தன. மனசுதான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். 1971-ல் கச்சேரிகளை எல்லாம் நிறுத்திவிட்டு நீண்ட ஓய்வு எடுத்தார். மனோதத்துவ சிகிச்சையும் தொடங்கியது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். டாக்டர்கள் சொன்னதை நோயாளி நம்பினால் என்ன ஆகும்? உடம்பு மக்கர் பண்ணும்போதெல்லாம் தன் மேலேயே சந்தேகம் வரும். நான்தான் பலவீனமானவளோ, நான்தான் பைத்தியமாகிக்கொண்டிருக்கிறேனோ என்ற பயம். ஜாக்குலினுக்கு அதுதான் நடந்தது.

போதாக்குறைக்கு, 1971 டிசம்பரில் ஒரு அதிசயம். மாதக்கணக்காகத் தொடாத செல்லோவை ஒருநாள் எடுத்தால், எதுவுமே நடக்காத மாதிரி விரல் பேசுகிறது! விட்டால் போச்சு என்று உடனே ஸ்டூடியோவுக்கு ஓடினார்கள். இரண்டே நாளில் ஷோபன், ஃப்ராங்க் ஆகியோரின் சொனாட்டாக்களைப் பதிவு செய்தார்கள். பீத்தோவன் ஒன்றைத் தொடங்கியபோது களைப்பு வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டார். அதுதான் அவருடைய கடைசி ஸ்டூடியோ பதிவு.

பார்த்தவர்களுக்கு என்ன தோன்றும்? பார்த்தீங்களா, ஓய்வு எடுத்ததும் சரியாகிவிட்டதே என்றுதான் தோன்றும். டென்ஷன் என்ற முடிவுக்கு அதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா? ஆனால் வந்து வந்து போவது எம்.எஸ். நோயின் குணம் என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை.

*எம்.எஸ். என்றால் என்ன?*

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு. இவற்றில் உள்ள நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. கரண்ட் வயர் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நம் நோய் எதிர்ப்பு அணுக்கள், இந்த உறையையே எதிரி என்று நினைத்துத் தாக்கினால் அதுதான் எம்.எஸ். உறை உரிந்த இடத்தில் சிக்னல் தடுமாறும், சில நேரம் நின்றே போகும். தாக்குதல் நடந்த இடத்தில் தழும்பு விழும். ஸ்க்ளிரோசிஸ் என்றால் கெட்டிப்படுதல். பல இடங்களில் விழுவதால் மல்டிபிள்.

எந்த இடத்தில் தழும்போ, அதற்குத் தகுந்த தொல்லை. ஒருவருக்குக் கண் மங்கும், இன்னொருவருக்குக் கால் தள்ளாடும், வேறொருவருக்கு விரல் மரத்துப்போகும். பெரும்பாலானவர்களுக்கு ஆரம்பத்தில் சில வாரம் தாக்கும், பிறகு தானாகவே தணியும். வீக்கம் வடிந்து, உறை ஓரளவு திரும்ப வளர்வதுதான் காரணம். பெண்களை ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம் பாதிக்கும் நோய் இது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில்தான் தலைகாட்டும். ஜாக்குலின் இந்த வர்ணனைக்கு அப்படியே பொருந்தினார்.

அப்படியென்றால் டாக்டர்கள் ஏன் கோட்டை விட்டார்கள்? அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எம்.எஸ். தழும்புகளை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்த்த முதல் ஆய்வு வெளிவந்தது 1981-ல். 1971-ல் அறிகுறியை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அறிகுறியோ வருகிறது, போகிறது. நோயாளி இளம்பெண் வேறு. இளம்பெண் என்றால் மனசு என்று எழுதிவிடுகிற பழக்கம் மருத்துவத்தில் ரொம்பப் பழசு. பல காலம் எத்தனையோ எம்.எஸ். நோயாளிகளுக்கு ஹிஸ்டீரியா என்று முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள்.

*அப்போ, மன அழுத்தத்துக்குப் பங்கே இல்லையா?*

கதை இங்கேதான் சிக்கலாகிறது. டாக்டர்கள் நோயைத் தவறவிட்டது உண்மை. ஆனால் மன அழுத்தத்தை இந்த நோயோடு சேர்த்துப் பேசியது அவர்கள் மட்டும் இல்லை.

இந்த நோயை முதன்முதலில் தெளிவாக வரையறுத்தவர் பாரீஸின் ழான் மார்ட்டின் ஷார்கோ. ஆண்டு 1868. நெடுநாள் துக்கமும் மனக்கசப்பும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவரே எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னால், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் அகஸ்டஸ் டெஸ்டே 1822-ல் ஸ்காட்லாந்துக்குப் போகிறார். தன் மேல் அன்பு வைத்திருந்த பெரியவர் இறந்துவிட்டிருக்கிறார். இறுதிச் சடங்கு முடிந்த கொஞ்ச நாளில் கண் மங்கி, கடிதங்களை வேறு ஒருவர்தான் படித்துக்காட்ட வேண்டிய நிலை. பிறகு பார்வை திரும்புகிறது. அடுத்த இருபது சொச்சம் வருஷம் வந்துபோன தொல்லைகளை டைரியில் எழுதிவைத்தார். எம்.எஸ். நோயாளி ஒருவர் எழுதிய முதல் விரிவான பதிவாக அந்த டைரியை மருத்துவ உலகம் இன்று பார்க்கிறது.

துக்கத்துக்குப் பின்னால் நோய் வந்தது என்பதால் துக்கத்தால் வந்தது என்று ஆகிவிடாது. யாருடைய வாழ்க்கையில்தான் துக்கம் இல்லை? நோய் வந்தபிறகு பின்னோக்கித் தேடினால் ஏதாவது ஒரு சோகம் கையில் சிக்கத்தான் செய்யும். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் இதை இரண்டு தனித்தனி கேள்வியாகப் பிரிக்கிறார்கள். மன அழுத்தம் எம்.எஸ். நோயை உண்டாக்குமா என்பது ஒன்று. ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு அடுத்த தாக்குதலைத் தூண்டுமா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு உறுதியான ஆமாம் கிடைக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு எம்.எஸ். வாய்ப்பு கூடுதல் என்று டென்மார்க்கில் 2004-ல் ஓர் ஆய்வு சொன்னது. அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நர்ஸுகளை வைத்து 2011-ல் வெளியான ஆய்வோ, வீட்டிலும் வேலையிலும் இருக்கும் மன அழுத்தத்துக்கும் இந்த நோய்க்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்றது. இதற்கிடையே வேறு ஒரு குற்றவாளி மேல் கை நீண்டது: எப்ஸ்டீன்-பார் வைரஸ். அமெரிக்க ராணுவத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை அலசி 2022-ல் வெளியான ஆய்வில், இந்த வைரஸ் தொற்றியவர்களுக்கு எம்.எஸ். வரும் ஆபத்து 32 மடங்கு உயர்வது தெரியவந்தது. வைரஸ் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தொற்றும், நோயோ மிகச் சிலருக்குத்தான் வரும். மரபணு, வைட்டமின் டி குறைபாடு, புகைப்பழக்கம் என்று வேறு பங்காளிகளும் உண்டு.

இரண்டாவது கேள்விக்குப் பதில் கொஞ்சம் வேறு மாதிரி. 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2004-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரை, மன அழுத்தம் தரும் சம்பவங்களுக்குப் பிறகு எம்.எஸ். தாக்குதல் கூடுகிறது என்று காட்டியது. ஆனால் எந்த வகை அழுத்தம், எத்தனை நாள் கழித்து என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறியது.

ஒரு விசித்திரமும் உண்டு. ஜாக்குலின் கல்யாணம் செய்துகொண்ட அதே இஸ்ரேலில்தான். 1991 வளைகுடாப் போரில் ஈராக் ஏவுகணைகள் விழுந்த வாரங்களில், அங்கிருந்த எம்.எஸ். நோயாளிகளுக்குத் தாக்குதல் கூடவில்லை, எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது! 2006 லெபனான் போரின்போதோ தாக்குதல்கள் அதிகரித்தன. திடீரென வரும் உயிர்ப் பயத்தில் சுரக்கும் கார்டிசால் எதிர்ப்பு அணுக்களை அடக்கிவைக்கும் என்பது ஒரு விளக்கம். எம்.எஸ். தாக்குதலின்போது ஆஸ்பத்திரியில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் அதே குடும்பம்தானே. ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும் கவலையில், அணுக்கள் அந்தக் கார்டிசாலுக்கே பழகி, அடங்க மறுத்துவிடலாம் என்கிறார்கள்.

2012-ல் வந்த ஒரு பரிசோதனை இன்னும் சுவாரசியம். 121 நோயாளிகளில் பாதிப் பேருக்கு 24 வாரம் மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பயிற்சி கொடுத்து ஸ்கேன் எடுத்தார்கள். பயிற்சி நடந்த காலத்தில் அவர்கள் மூளையில் புதிய தழும்புகள் குறைவாகவே விழுந்தன. பயிற்சியை நிறுத்தினார்கள், பலனும் நின்றுவிட்டது. ஆக, மனசுக்கும் இந்த நோய்க்கும் ஏதோ ஒரு நூல் ஓடுகிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு மருந்தை விட்டுவிட்டு யோகா மட்டும் போதும் என்று கிளம்புவது ஆபத்து.

*1973 அக்டோபர்*

நோயின் பெயர் தெரிந்தபோது ஜாக்குலினுக்கு முதலில் வந்தது ஒரு வகை நிம்மதி. தனக்குப் பைத்தியம் இல்லை, இது கற்பனை இல்லை என்ற நிம்மதி. அது எவ்வளவு கொடுமையான நிம்மதி என்பது போகப் போகத்தான் தெரிந்தது. அந்தக் காலத்தில் நோயின் போக்கைத் தடுக்கும் மருந்து ஒன்றுகூட இல்லை. முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டாவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1993-ல்தான்.

கால்கள் போயின. சக்கர நாற்காலி வந்தது. வாசிக்க முடியாவிட்டாலும் சொல்லிக்கொடுக்க முடியுமே என்று மாணவர்களை வீட்டுக்கு வரவழைத்தார். பி.பி.சி. தொலைக்காட்சியில் அவருடைய வகுப்புகள் ஒளிபரப்பாயின. பீட்டரும் ஓநாயும் கதைக்கு, கணவர் நடத்திய இசைக்குழுவோடு சேர்ந்து குரல் கொடுத்தார். 1976-ல் ஓ.பி.இ. விருது. பேரன்பாய்ம் 1975-ல் பாரீஸ் இசைக்குழுவின் தலைமைப் பொறுப்புக்குப் போனார். வாரம் அங்கேயும் இங்கேயுமாக ஓடிய அந்த வாழ்க்கையைப் பற்றிப் பலரும் பலவிதமாக எழுதிவிட்டார்கள். அக்காவும் தம்பியும் எழுதிய புத்தகம், அதை வைத்து 1998-ல் வந்த ஹிலரி அண்ட் ஜாக்கி படம் இரண்டும் பெரிய சண்டையைக் கிளப்பின. இது நாங்கள் அறிந்த ஜாக்கி இல்லை என்று அவருடைய இசை நண்பர்கள் பகிரங்கமாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

கையும் போய், பார்வையும் தடுமாறி, பேச்சும் குழறி, கடைசி வருஷங்கள் படுக்கையில் கழிந்தன. 1987 அக்டோபர் 19-ம் தேதி லண்டனில் ஜாக்குலின் இறந்தார். வயது 42. மேடையில் வாசித்தது பன்னிரண்டு வருஷம், நோயோடு வாழ்ந்தது அதைவிட அதிகம்.

வளரும் நாடுகளைச் சேர்ந்த இளம் எம்.எஸ். ஆராய்ச்சியாளர்களுக்குச் சர்வதேச எம்.எஸ். கூட்டமைப்பு தரும் உதவித்தொகைக்கு இன்று டு ப்ரேயின் பெயர்தான். அவர் வாசித்த டேவிடாவ் செல்லோ இப்போது யோ-யோ மாவின் கையில் இருக்கிறது. 1971 டிசம்பரில் அந்த இரண்டு நாட்களில் பதிவான ஷோபனும் ஃப்ராங்கும் ஆன்லைனில் கிடைக்கின்றன.